திரும்பப் பெறுவது யார் பொறுப்பு?

உத்தரகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தின் மலைக் கிராமம் ஒன்றில் பணிபுரியும் அங்கன்வாடி ஊழியர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். குளிர்காலத்துக்கென்று அவர் கைபேசிச் செயலி வழியாக ஒரு ஜோடி காலணி வாங்குகிறார். பணத்தை முன்கூட்டியே செலுத்திவிடுகிறார். சில நாட்களில் பார்சல் வந்து சேர்கிறது. பிரித்துப் பார்த்தால் ஒரு கால் ஐந்தாம் அளவு, மறு கால் ஏழாம் அளவு. செயலியில் 'திருப்பி அனுப்ப' என்ற பொத்தானை அழுத்துகிறார். வருத்தம் தெரிவிக்கும் இரண்டு வரிகளுக்குப் பிறகு பதில் வருகிறது: உங்கள் பின்கோடு பகுதியில் பொருளை வந்து எடுத்துக்கொள்ளும் வசதி இல்லை, நீங்களே கூரியரில் அனுப்பிவையுங்கள், ரசீதைப் படமெடுத்துப் பதிவேற்றுங்கள்.

பொருளைக் கொண்டுவந்து கொடுக்க வழி தெரிந்த நிறுவனத்துக்கு, அதே பொருளை அதே வழியில் எடுத்துச் செல்ல வழி தெரியவில்லை!

இதன் பிறகு அந்த ஊழியர் செய்ய வேண்டிய வேலைகள் சிறியவை அல்ல. கூரியர் அலுவலகம் அவர் கிராமத்தில் இல்லை. கோபேஷ்வருக்குத்தான் போக வேண்டும். ஷேர் ஜீப்பில் போய் வருவதற்கு ஒரு பகல் கழிந்துவிடும், பணிக்கு விடுப்பும் எடுக்க வேண்டும். அதற்கு முன் திரும்ப அனுப்பும் முகவரிச் சீட்டை அச்சிட ஒரு கணினிக் கடையைத் தேட வேண்டும். வந்த பெட்டியிலேயே, வந்த அட்டைகளோடு, கிழியாமல் கட்ட வேண்டும். கூரியர் மேசையில் அடுத்த பாடம் காத்திருக்கிறது. தனியார் கூரியர் நிறுவனங்கள் பொருளின் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000ஆல் வகுத்து ஒரு 'கன அளவு எடை'யைக் கணக்கிடுகின்றன. உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். 35 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் கொண்ட காலணிப் பெட்டி தராசில் ஒரு கிலோவைச் சற்றே தாண்டலாம். கணக்கில் அது 2.6 கிலோ ஆகிவிடும். கட்டணத்தின்மேல் ஜிஎஸ்டி தனி. ஆயிரக்கணக்கில் பார்சல் அனுப்பும் நிறுவனத்துக்குக் கிடைக்கும் மொத்த விலை, ஒற்றைப் பெட்டியோடு வந்து நிற்கும் பெண்ணுக்குக் கிடைக்காது.

அனுப்பிய பிறகும் பாதுகாப்பு இல்லை. கூரியர் ரசீதின் பின்புறத்துச் சிற்றெழுத்துகளில், பார்சல் தொலைந்தால் இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பு இருக்கும். கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில் அத்தகைய வரம்பு இருந்தால் அது கட்டுப்படுத்தும் என்று 1996இல் உச்ச நீதிமன்றமே ஒரு கூரியர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. பார்சல் கிடங்கை அடைந்ததும் 'தர ஆய்வு' நடக்கும். ஆய்வு செய்பவரும், முடிவு சொல்பவரும், பணத்தைக் கையில் வைத்திருப்பவரும் ஒருவரே. பெட்டியில் பொருள் இல்லை என்றோ, அனுப்பியது வேறு பொருள் என்றோ அங்கிருந்து ஒரு வரி வந்தால், இல்லை என்று நிரூபிக்கும் சுமை மலைக்கிராமத்துப் பெண்ணின் தலையில். எல்லாம் நல்லபடி முடிந்தாலும், கூரியருக்குக் கொடுத்த காசு முழுமையாகத் திரும்புவதில்லை. பல நிறுவனங்களின் விதிமுறைப்படி ஒரு வரம்புவரைதான் ஈடு. அதுவும் சில இடங்களில் ரொக்கமாக அன்று, அதே செயலியில் மட்டுமே செலவழிக்கத்தக்க வரவாக. ஏமாற்றியவரிடமே மறுபடியும் வாங்கினால்தான் அந்தக் காசு காசாகும்.

அங்கன்வாடி ஊழியருக்கென 2018இல் மத்திய அரசு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். நாளொன்றுக்கு 150 ரூபாய். மாநில அரசு மேலே சேர்ப்பது வேறு. கூரியர் கட்டணம், ஜீப் கட்டணம், இழந்த ஒரு நாள் ஆகியவற்றை இந்த 150 ரூபாயின் அருகில் வைத்துப் பார்த்தால், பெரும்பாலோர் பொருளைத் திருப்பி அனுப்பாமல் மூலையில் போட்டுவிடுவது ஏன் என்பது விளங்கும். நிறுவனத்தின் கணக்கேட்டில் அது 'திருப்பி அனுப்பப்படாத விற்பனை'. திருப்தியடைந்த வாடிக்கையாளர் என்றே பதிவாகும்.

சொல்லில் மறையும் எழுவாய்

ஆங்கிலத்தில் இந்த ஏற்பாட்டுக்கு 'ரிட்டர்ன்' என்று ஒற்றைச் சொல். திருப்புகிறவர் யார், பெறுகிறவர் யார் என்பது அச்சொல்லில் தெரியாது. தமிழில் அப்படி மறைக்க இயலாது. 'திரும்பப் பெறுதல்' என்றால் அது விற்றவரின் வினை; 'திருப்பி அனுப்புதல்' என்றால் வாங்கியவரின் வினை. விளம்பரப் பலகையில் நிறுவனம் பேசுவது முதல் வினையை: பிடிக்காவிட்டால் திரும்பப் பெறுவோம். விதிமுறைப் பக்கத்தில் கேட்பது இரண்டாம் வினையை: நீங்களே திருப்பி அனுப்புங்கள். விளம்பரம் இந்திய மொழிகள் அனைத்திலும் வருகிறது. விதிமுறையின் முழு வாசகமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

சட்டம் எந்த வினையைச் சொல்கிறது? 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 2020 ஜூலை 23 அன்று அறிவிக்கப்பட்ட மின்வணிக விதிகளின் 6ஆவது விதியும், பொருள் குறைபாடுடையதாகவோ, போலியாகவோ, விளம்பரப்படுத்திய தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பனையாளர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கிறது. இதுவரை எழுவாய் விற்றவர்தான். ஆனால் அதே 6ஆவது விதி சற்றுத் தள்ளி, திருப்பி அனுப்பும் செலவு பற்றிய தகவலைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. செலவை யார் ஏற்பது? விதி வாய் திறக்கவில்லை. 'செலவு உன்னுடையது' என்பதைத் தெளிவான எழுத்தில் அறிவித்துவிட்டால் கடமை முடிந்தது என்று நிறுவனங்கள் வாதிட இந்த மௌனம் போதுமானதாகிறது. திரும்பப் பெறும் கடமையை ஒரு வாக்கியம் தருகிறது. அக்கடமையின் செலவை இன்னொரு வாக்கியம் நுகர்வோர் பக்கம் நகர்த்த இடம் விடுகிறது. இது கவனக்குறைவு என்று நம்புவது கடினம்.

குறையேதும் இல்லாத, ஆனால் வாங்கியவருக்குப் பயன்படாத பொருளின் நிலை இன்னும் மோசம். தொட்டுப் பார்க்காமல், அணிந்து பார்க்காமல், படத்தை நம்பி வாங்கிய ஒன்றை மனம் மாறித் திருப்பித் தரும் உரிமையை இணைய வணிகத்தில் இந்தியச் சட்டம் தரவில்லை. அது நிறுவனத்தின் கருணை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமை ஆணை, இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணமே கூறாமல் 14 நாட்களுக்குள் திருப்பித் தரும் உரிமையை வழங்குகிறது. அங்கும் மனமாற்றத்தால் திருப்பும்போது அனுப்பும் செலவு வாங்கியவருடையதாக இருக்கலாம். ஆனால் அதை முன்கூட்டியே தெரிவிக்கத் தவறினால் வணிகரே ஏற்க வேண்டும். பொருளில் குறை இருந்தால் சரிசெய்வதோ மாற்றித் தருவதோ இலவசமாக நடக்க வேண்டும் என்றும், 'இலவசம்' என்பதில் அஞ்சல் செலவும் போக்குவரத்துச் செலவும் அடங்கும் என்றும் 2019ஆம் ஆண்டின் ஆணை ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கிறது. ஐரோப்பிய முதலாளித்துவம் கருணை மிக்கது என்பது இதன் பொருளன்று. அங்கே போராட்டமும் சட்டமும் கட்டாயப்படுத்திய இடத்தில் செலவை ஏற்கும் அதே பன்னாட்டு நிறுவனம், கட்டாயம் இல்லாத இந்தியாவில் 'வசதி இல்லை' என்கிறது.

பொறுப்பைக் கழற்றிவிட்ட முதலீட்டுக் கொள்கை

இதன் வேர் நுகர்வோர் சட்டத்தில் மட்டும் இல்லை. பலபொருள் சில்லறை வணிகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டை 2012 செப்டம்பரில் அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு அனுமதித்தபோது, செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. இடதுசாரிக் கட்சிகளும் வணிகர் அமைப்புகளும் தெருவில் நின்றன. முன்வாசலில் எழுந்த எதிர்ப்பைக் கண்ட மூலதனம் பக்கவாசலைத் தேடியது. 2016 மார்ச்சில் மோடி அரசு, 'சந்தைத் தளம்' என்ற வடிவில் இயங்கும் இணைய வணிகத்துக்கு 100 சதவீத அந்நிய முதலீட்டை அனுமதித்தது. இரண்டே ஆண்டுகளில், 2018இல், வால்மார்ட் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கியது.

அந்த 2016ஆம் ஆண்டுக் குறிப்பாணையை ஊன்றிப் படிக்க வேண்டும். கிடங்கு, போக்குவரத்து, அழைப்பு மையம், பணவசூல் ஆகிய அனைத்தையும் விற்பனையாளருக்கான 'உதவிச் சேவை' என்ற பெயரில் தளம் செய்யலாம் என்கிறது அது. ஆனால் பொருளை ஒப்படைப்பதும் வாடிக்கையாளரின் மனநிறைவும் விற்பனையாளரின் பொறுப்பு என்கிறது. வாங்குபவர் பார்ப்பது தளத்தின் பெயரை. பணம் கட்டுவது தளத்துக்கு. பார்சலைக் கட்டியிருக்கும் நாடாவில்கூடத் தளத்தின் சின்னம். சிக்கல் வந்தவுடன் தளம் மறைந்து, எங்கோ ஒரு நகரத்துச் சிறு விற்பனையாளரின் பெயர் முன்னே வருகிறது. 2021 ஜூனில் வெளியிட்ட திருத்த வரைவில், விற்பனையாளரின் அலட்சியத்தால் நுகர்வோருக்கு இழப்பு நேர்ந்தால் தளமும் பொறுப்பேற்க வேண்டும் என்ற உட்பிரிவு இருந்தது. பெருநிறுவனங்களின் எதிர்ப்புக்கு உள்ளான அந்த வரைவு விதியாகாமலே கிடக்கிறது. 'விழித்தெழு நுகர்வோரே' என்று விளம்பரம் கொடுக்கும் அரசு தன் வரைவை உறங்கவிட்டிருக்கிறது.

அந்தச் சிறு விற்பனையாளரும் தப்பவில்லை. திரும்பி வரும் பொருளின் போக்குவரத்துக் கட்டணத்தைத் தளங்கள் அவர் கணக்கில் கழித்துக்கொள்வது வழக்கமான நடைமுறை. பார்சலை எடுத்துச் செல்லும் தொழிலாளிக்கோ எண்ணிக்கைக் கூலி. அவரைத் தொழிலாளி என்று ஏற்க மறுத்து 'பங்காளி' என்கிறார்கள். எரிபொருளும் வண்டியும் அவருடையவை. எடுத்துக்கொள்ளும் சேவை உள்ள ஊரில் செலவு இவர்கள் முதுகில் ஏறுகிறது; இல்லாத ஊரில் வாங்கியவர் முதுகில். எந்த ஊரிலும் ஏறாத முதுகு ஒன்று உண்டு.

'மூலதனம்' இரண்டாம் தொகுதியில் மார்க்ஸ் சுழற்சிச் செலவுகளை ஆராயும்போது, போக்குவரத்துக்குத் தனி இடம் தருகிறார். பொருள் நுகர்வோரை அடையும்போதுதான் அதன் பயன்மதிப்பு நிறைவேறுகிறது. எனவே அந்தப் பயணத்தின் உழைப்பு பொருளின் மதிப்பில் சேர்கிறது என்பது அவர் முடிவு. திரும்பும் பயணத்துக்கு அந்தத் தகுதி இல்லை. விற்பனையே ரத்தாகும் பயணம் அது. மூலதனத்தின் பார்வையில் வெறும் நட்டம். அதனால்தான் போகும் வழிக்கு விரைவுச் சாலையும் வரும் வழிக்கு ஒற்றையடிப் பாதையும் அமைகின்றன.

பின்கோடு எதற்காக வந்தது?

இந்த ஏற்பாட்டில் மிகவும் கசப்பான பகுதி பின்கோடு. 1972 ஆகஸ்ட் 15 அன்று, நாடு விடுதலையின் வெள்ளி விழாவைக் கொண்டாடிய நாளில், அஞ்சல் துறை ஆறு இலக்க எண்ணை அறிமுகப்படுத்தியது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல எழுத்துமுறைகளில் முகவரிகள் என்ற இந்த நாட்டில், ஒரு கடிதமும் வழி தவறக் கூடாது என்பது நோக்கம். எந்த ஊரையும் விட்டுவிடாமல் இருக்கப் பொதுத்துறை உருவாக்கிய எண் அது. அதே எண்ணைத் தனியார் வணிகம் சலித்தெடுக்கும் சல்லடையாக்கியிருக்கிறது. கூரியர் நிறுவனங்களின் பட்டியலில் ஒவ்வொரு பின்கோட்டுக்கும் எதிரே தனித்தனிக் கட்டங்கள்: பொருள் கொடுக்கலாமா, கொடுத்துப் பணம் வாங்கலாமா, திரும்ப எடுக்கலாமா. சமோலிக்கும் பஸ்தருக்கும் வடகிழக்கின் மலைகளுக்கும் முதல் கட்டத்தில் 'ஆம்', கடைசிக் கட்டத்தில் 'இல்லை' என்றிருப்பது வியப்பில்லை. விற்பதற்கு அவை இந்தியா. திரும்பப் பெறுவதற்கு அயல்நாடு.

அஞ்சல் துறைக்கு அப்படி ஒரு கட்டம் கிடையாது. ஏறத்தாழ 1,64,000 அஞ்சலகங்கள். பத்தில் ஒன்பது கிராமப்புறத்தில். தனியார் கூரியர் நுழையாத ஊர்களுக்கு அவர்களின் பார்சலையே அஞ்சல் துறை பல இடங்களில் சுமந்து செல்கிறது. கிராமத்தில் அதைச் சுமப்பவர் கிராம அஞ்சல் ஊழியர். நிரந்தர ஊழியராக ஏற்கப்படாதவர், காலமுறை ஊதியத்துக்காகப் பல்லாண்டுகளாகப் போராடிக்கொண்டிருப்பவர். இத்துறையைப் பலப்படுத்துவதற்கு மாறாக அரசு செய்தது என்ன? 1898ஆம் ஆண்டின் சட்டத்தை நீக்கிக் கொண்டுவந்த 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டத்தில், கடிதங்களைக் கொண்டுசெல்லும் தனியுரிமை அரசுக்கு உண்டு என்ற பிரிவே இல்லை. 2025இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டு, எளிய மக்கள் தலைமுறைகளாக நம்பிய ஒரு சேவை அந்தப் பெயரில் இல்லாமலாயிற்று.

இரண்டு மறுப்புகள்

இணைய வணிக நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் ஒரு வாதம் வைத்திருக்கிறார்கள். திருப்பி அனுப்புவதை எளிதாக்கினால் மோசடி பெருகும். திருமணத்துக்கு அணிந்துவிட்டுத் திருப்புவார்கள், பழைய பொருளை உள்ளே வைத்து அனுப்புவார்கள் என்பது அது. இப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அதைத் தடுக்க வழி, வாசலில் நின்று பொருளைச் சரிபார்த்து எடுத்துச் செல்வதுதான். சரிபார்க்க ஆளே வராத ஊர்களைத் தண்டிப்பது மோசடியை எந்த வகையில் தடுக்கும்? பெருநகரத்து மோசடிக்காரரின் வாசலுக்கு ஆள் வருகிறது. மலைக்கிராமத்து நேர்மையாளரின் வாசலுக்கு வரவில்லை.

இரண்டாவது மறுப்பு இடதுசாரி வட்டாரங்களிலிருந்தே எழுவது. இது வாங்கும் வசதி படைத்த நடுத்தர வர்க்கத்தின் தலைவலி. வேலையின்மையும் விலைவாசியும் நெருக்கும்போது காலணிப் பெட்டிக்குப் பக்கம் ஒதுக்குவானேன் என்பது. இந்த எண்ணம் பத்தாண்டுகள் பின்தங்கியது. கைபேசியும் மலிவு இணைய இணைப்பும் சென்ற இடமெல்லாம் இந்தச் சந்தை சென்றுவிட்டது. அங்கன்வாடி ஊழியர் கைபேசியைக் கையில் எடுத்தது பொழுதுபோக்குக்காக அன்று. குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் போஷன் டிராக்கர் செயலியில் பதிய வேண்டும் என்று அரசே கட்டாயப்படுத்தியது. சிறுநகரக் கடைகள் நலிந்து மூடப்படும் இடங்களில் செயலியே கடையாகிறது. ஏமாற்றத்தின் அளவு சில நூறு ரூபாய் என்பதால் அது அற்பம் ஆகிவிடாது. சில நூறு ரூபாய் என்பதால்தான் யாரும் வழக்குத் தொடுக்க மாட்டார்கள் என்ற துணிவில் இந்த ஏற்பாடே நிற்கிறது. கோடிக்கணக்கானோரின் சில நூறுகள் சேர்ந்தால் எவ்வளவு என்பது அந்த நிறுவனங்களின் கணக்காளர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கோரிக்கை சிக்கலானதன்று. 6ஆவது விதியில் ஒரு வாக்கியம் சேர வேண்டும்: குறைபாடுடைய, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெறும் செலவு முழுவதும் தளத்தையே சேரும், அதைச் சிறு விற்பனையாளர் மீதோ தொழிலாளி மீதோ ஏற்றக் கூடாது. ஒரு பின்கோட்டில் பொருளை விற்கும் நிறுவனம் அதே பின்கோட்டிலிருந்து அதைத் திரும்பப் பெற்றாக வேண்டும். 2021ஆம் ஆண்டு வரைவின் பொறுப்புப் பிரிவு சட்டமாக வேண்டும். மனமாற்றத்தால் திருப்பித் தருவதற்கும் குறைந்தபட்சக் கால அவகாசம் உரிமையாக வேண்டும். பணம் வந்த வழியே ரொக்கமாகத் திரும்ப வேண்டும்.

இதற்குரிய பொறியமைப்பு நாட்டில் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அஞ்சல் துறையிடம் 'வணிகப் பதிலஞ்சல்' என்றொரு சேவை நெடுங்காலமாக இருக்கிறது. தபால்தலை ஒட்டத் தேவையில்லை, கட்டணத்தை முகவரிதாரர் செலுத்துவார் என்று அச்சிட்ட அட்டைகளை, பத்திரிகைச் சந்தாவுக்கும் காப்பீட்டு விசாரணைக்கும் பயன்படுத்திய தலைமுறை இன்றும் உண்டு. அட்டையை எழுதுபவர் பெட்டியில் போட்டால் போதும். காசு கொடுப்பது நிறுவனம். அந்த முறையைப் பார்சலுக்கு விரிவாக்கினால், சமோலி ஊழியர் கோபேஷ்வர் போக வேண்டியதில்லை. அருகிலுள்ள கிளை அஞ்சலகத்தில் பெட்டியைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்வார், கட்டணத்தை அஞ்சல் துறை தளத்திடம் வசூலிக்கும். அந்த வருவாயிலிருந்து கிராம அஞ்சல் ஊழியருக்கு ஊதியம் தரட்டும்.

விதி மாறும்வரை வெகுஜன அமைப்புகள் சும்மா இருக்க வேண்டியதில்லை. இணைய வணிக நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது இப்போதே விதி. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கலாம்; செலுத்திய விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமே கிடையாது. தனியாளாகச் சில நூறு ரூபாய்க்கு யாரும் படியேற மாட்டார்கள். மாதர் அமைப்பும் வாலிபர் அமைப்பும் அங்கன்வாடி ஊழியர் சங்கமும் ஒரு வட்டாரத்தில் கூரியர் ரசீதுகளைத் திரட்டி, ஒரே நாளில் நூறு புகார்களாக மாவட்ட ஆணையத்தின் மேசையில் வைக்கலாம்.